காலை ஏழரை மணிக்கு யார் குற்றவாளி?

பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனால் யார் குற்றவாளி? அம்மாதான்! "கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கக் கூடாதா?" என்று கையில் இருக்கும் பேப்பரை மடிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார் அப்பா.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தலை சீவி, யூனிபார்ம் மாட்டிவிட்டு, தானும் ஓட வேண்டும். இந்த ஓட்டத்தில் முதலில் அடிபடுவது பிள்ளையின் காலைச் சாப்பாடு.

இதைப் புரிந்துகொண்டுதான் 2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2024 ஜூலை 15-ல் நம் பக்கத்துக் கீழச்சேரியில்தான், கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவானது.

"அம்மாக்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்று இதற்கும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அப்படியா? உப்புமாவும் பொங்கலும் பள்ளியில் கிடைத்தாலும், மற்ற எல்லா வேலையும் அவள் தலையில்தானே இருக்கிறது!

அரசாங்கமே ஒரு வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அப்பாக்களே, நீங்கள் எதை எடுத்தீர்கள்? இரவே யூனிபார்மை அயர்ன் பண்ணலாம். ஷூவுக்குப் பாலிஷ் போடலாம். மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டால் மீசை உதிர்ந்துவிடாது.

எழுதுகிற நான் மட்டும் யோக்கியமா? கல்லூரிக்குப் போகும் எனக்கு இன்றும் டிபன் பாக்ஸ் கட்டுவது அம்மாதான். நாளையிலிருந்து நானே கட்டுகிறேன். நீங்கள்?