வரைபடத்தில் பக்கம், நடையில் தூரம்

பிள்ளைகள் குறைந்த பள்ளியை மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டால் படிப்பின் தரம் உயரும் என்ற நம்பிக்கை அதிகாரிகளிடம் மட்டுமல்ல, படித்த நடுத்தர வர்க்கத்திடமும் வேரூன்றிவிட்டது. சமவெளியில் இருந்து பார்த்தால் நியாயம் போலத்தான் படும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் அது எடுபடாது.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் இந்த மலையில் 14 ஊராட்சிகள்: வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ‘நாடு’களாகவே அறியப்படுபவை. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். ஒரே நாட்டுக்குள் குடியிருப்புகள் சரிவுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. எதிர்ச் சரிவுப் பள்ளி கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர, பிள்ளை மிளகுக்கொடி படர்ந்த காப்பித் தோட்டம் வழியே இறங்கி, பள்ளத்து நெல்வயல் வரப்பில் நடந்து, ஓடையைத் தாண்டி, மறுபடி மேடேற வேண்டும். ஐப்பசி மழையில் ஓடை பெருகிவிட்டால் அன்றைக்குப் பள்ளி இல்லை.

சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த 2010 மத்திய விதிகள், தொடக்கப் பள்ளிக்கு 1 கி.மீ., ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கி.மீ. நடை தூரம் என்று எல்லை வகுத்தன. கடினமான நிலப்பரப்பு, மண்சரிவு, வெள்ளம், சாலையின்மை உள்ள இடங்களில் அந்த எல்லையை இன்னும் சுருக்கச் சொல்கின்றன. இணைப்பு வாதமோ எல்லையை அகட்டச் சொல்கிறது.

“பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றனவே” என்பார்கள். அவை தேவைதான். அதற்காக, ஆறு வயதுப் பிள்ளை அம்மாவை விட்டு விடுதிக்குப் போனால்தான் அ, ஆ படிக்கலாம் என்று ஆக்குவது கொடுமை.

இணைப்பைச் செய்து பார்த்த நாடும் உண்டு. சீனா 2001 முதல் கிராமப் பள்ளிகளைப் பெருமளவில் இணைத்தது. பிள்ளைகள் நெடுந்தூரம் அலைய நேர்ந்தது; அவர்கள் படிப்பைக் கைவிடுவதும் பெரும் கவலையானது. 2012-ல் அந்த நாட்டு அரசே கண்மூடித்தனமான இணைப்பை நிறுத்த உத்தரவிட்டது.

சின்னப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு ஓரிரு ஆசிரியர் என்பது உண்மையான குறைதான். அதற்கு மருந்தை 1964-66 கோத்தாரி ஆணையமே சொன்னது: பக்கத்துப் பள்ளிகளை ஒரு தொகுப்பாக்கி, ஆசிரியரையும் ஆய்வகத்தையும் பகிர்ந்துகொள்வது. மலைப்பாதையில் அலைய வேண்டியவர் சம்பளம் வாங்கும் பெரியவர், பிள்ளை அல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எந்தக் குடியிருப்பு எந்தப் பள்ளிக்கு என்ற முடிவு வட்டாரத் தலைமையிடமான செம்மேட்டிலோ மாவட்டத் தலைநகரான நாமக்கல்லிலோ கோப்பில் முடியக்கூடாது. அந்தக் குழுவிலும் கிராம சபையிலும் வைத்துப் பேசப்பட வேண்டும். அதற்கு முன், கையெழுத்துப் போடும் அதிகாரி மழைக்காலத்தில் ஒரு காலை, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரை பிள்ளைகளோடு நடந்து பார்க்கட்டும்.