கிராம சபைக்கு அரை நாள்

சுங்குவார்சத்திரத்தில் குடியிருந்துகொண்டு, ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். ஏரேஷன் டேங்க் தண்ணீரை ஒரு லிட்டர் ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் சகதி எவ்வளவு படிகிறது என்று தெரியும். அதை நோட்டில் குறிப்பது என் வேலை. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் பச்சை டீசர்ட், மரக்கன்று, உறுதிமொழி. பூமியைக் காப்பேன் என்று கை நீட்டிச் சொல்லும்போது வயிற்றைப் பிசையும். வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர். நான் பூமியைக் காக்கிறேனாம்!

இந்தக் கலக்கம் எனக்கு மட்டுமில்லை. 2021இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டதில் 59 சதவீதம் பேர் பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் லைனில் நிற்கும் பிள்ளைகளுக்கும் அதே வயதுதான். கம்பெனி பஸ்ஸில் பேச்சுக் கொடுத்தால் சொந்த ஊர் ஏரி, வற்றிய கிணறு என்று கொட்டுவார்கள். பிறகு, “நாம என்னண்ணே பண்ண முடியும்?” என்று போனுக்குள் போய்விடுவார்கள். அக்கறை இல்லாத பிள்ளைகள் அல்ல. ஓர் ஏரியை ஒருத்தனாகத் தூர்வாரிவிட முடியுமா? முடியாததைத் தன் கடமை என்று தினமும் நினைப்பவன் ஒருநாள் நினைப்பதையே விட்டுவிடுகிறான்.

பக்கத்திலேயே ஏகனாபுரம். 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும், வயலும் ஏரியும் போய்விடும் என்று அந்த ஊர் மக்கள் ஆயிரம் நாளுக்கு மேல் கூடி எதிர்த்தார்கள். கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. விமான நிலையம் தேவையா என்பது தனிக் கேள்வி. பயத்தை உள்ளே வைத்துப் புழுங்காமல் ஊரோடு உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. நான் பொறாமைப்படுவது அதற்குத்தான்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்துக்கு 6 முறை. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஏரி, போர்வெல், லாரித் தண்ணீர் பற்றிக் கேள்வி கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆனால் அது அரசு விடுமுறை அல்ல. நாங்கள் ஷிப்ட்டில் இருப்போம். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கோ ஓட்டே வேறு ஊரில்; ஓட்டு இருக்கும் ஊரின் சபையில்தான் அவர்கள் உறுப்பினர்.

கம்பெனி நிர்வாகங்கள் அன்றைக்குச் சம்பளத்தோடு அரை நாள் கொடுக்கட்டும். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்கள் சொல்வதை ஊராட்சிகள் கேட்கட்டும்.