நெஞ்சு ஆறினாலும் கால் ஆற வேண்டாமா?

பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் நெஞ்சைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். அவரோ வேட்டியை விலக்கிக் காலைக் காட்டுகிறார். வலியும் வீக்கமும் அங்கேதான்.

அடைபட்ட இருதய ரத்தக்குழாயைச் சுற்றி ரத்தம் போக மாற்று வழி போடுவதே பைபாஸ். அதற்குக் காலில் தோலுக்கடியில் ஓடும் நீண்ட ரத்தக்குழாயை எடுத்துப் பொருத்துகிறார்கள். 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் டாக்டர் ரெனே ஃபவலோரோ இதைச் செய்து காட்டினார். இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. ரயில்வேக்காரர்கள் மார்தட்டிக்கொள்ளலாம்!

இந்தக் குழாயை எடுக்கப் பழைய முறையில் கணுக்காலிலிருந்து தொடை வரைகூடக் கீறுகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு அந்தப் புண் லேசில் ஆறாது. சீழ் பிடிப்பதும் உண்டு. ஆபீஸ் நாற்காலிக்காரர் எப்படியோ சமாளிப்பார். தாராவியில் இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர் என்ன செய்வார்? தோல் பட்டறையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிறவர்? கால் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

மாற்று முறை 1990-களிலேயே வந்துவிட்டது. முழங்கால் அருகே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறி, கேமரா பொருத்திய மெல்லிய கருவியை உள்ளே விடுகிறார்கள். கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, திரையைப் பார்த்தபடியே கிளைகளைச் சுட்டு மூடி, குழாயை வெளியே எடுக்கிறார்கள்.

இப்படி எடுத்த குழாய் சீக்கிரம் அடைபடுகிறது என்று 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு பயமுறுத்தியது. 2019-ல் வெளியான மற்றோர் ஆய்வில், அந்நாட்டு முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 1,150 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். இருதயக் கோளாறுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கால் புண்ணில் கிருமி பற்றியது பழைய முறையில் நூற்றுக்கு 3.1, புதிய முறையில் 1.4. ஆனால் அங்கே குழாயை எடுத்தவர்கள் கைதேர்ந்தவர்கள். பழக்கமில்லாதவர் எடுத்தால் குழாய் சேதமாகும். அது இருதயத்துக்கே கேடு. கேமரா மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை.

கருவிக்குச் செலவு கூடுதல் என்பார்கள். உண்மைதான். ஆனால் புண் ஆறாமல் போன சம்பளத்தையும், கட்டு மாற்றப் போய்வந்த டாக்சிக் கூலியையும் யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஈ.எஸ்.ஐ.யும் அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும், சர்க்கரை உள்ள தொழிலாளிக்காவது இந்தச் செலவை ஆபரேஷன் செலவோடு சேர்த்தே ஏற்க வேண்டும்.

நம்மவர்களிடமும் ஒரு குறை உண்டு. ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கும் காகிதத்தில், 'டாக்டருக்குத் தெரியாதா?' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். காலில் எங்கே, எவ்வளவு நீளம் கீறுவீர்கள், கேமரா முறை இங்கே உண்டா, எடுப்பவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று முன்பே கேட்கலாம். இல்லை என்று சொன்னாலும், எத்தனை நாளில் நின்று வேலை செய்யலாம் என்பதையாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம். முதலாளியிடம் காட்ட அது உதவும்.