தானியத்தின் மீது வழக்கு, தட்டின் மீது மௌனம்

இந்தியாவில் நீரிழிவு பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், சில நிமிடங்களில் அது ஏதேனும் ஒரு தானியத்தின் மீதான வழக்கு விசாரணையாக மாறிவிடுகிறது. ஓரிடத்தில் வெள்ளை அரிசி குற்றவாளி, இன்னோரிடத்தில் மைதா. இரண்டுக்கும் மாற்றாகக் கேழ்வரகும் தினையும் சாமையும் மேடையேற்றப்படுகின்றன. கருத்தரங்கு, மருத்துவரின் அறை, யூடியூப் காணொளி, குடும்ப வாட்ஸ்அப் குழு என எல்லா இடங்களிலும் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: எந்தத் தானியத்தைச் சாப்பிடலாம்? இந்தக் கேள்வியே பிழையானது. உடலியலைப் பாடநூலில் படித்துத் தேர்வெழுதிய கல்விப்புலமும் இதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பது, அறியாமை என்று மன்னித்துவிடக் கூடியதன்று.

இதில் பணயமாக இருப்பது சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். தவறான கேள்விக்குக் கிடைக்கும் விடை இத்தனை கோடிப் பேரின் சிறுநீரகத்திலும் விழித்திரையிலும் கால் நரம்பிலும் எழுதப்படுகிறது.

முதலில் உடல் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். நலமான ஒருவரின் இரத்தத்தில், வெறும் வயிற்றில், ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது. உடலில் ஓடும் இரத்தம் சுமார் 5 லிட்டர். பெருக்கிப் பார்த்தால், முழு இரத்த ஓட்டத்திலும் உள்ள சர்க்கரை நாலரை கிராம். ஒரு தேக்கரண்டி அளவு. நீரிழிவு என்று முடிவு செய்வதற்கான வெறும் வயிற்று அளவு 126 மில்லிகிராம்; அதாவது ஆறேகால் கிராம். நலத்துக்கும் நோய்க்கும் இடையில் இரத்தத்தில் உள்ள வேறுபாடு இரண்டு கிராமுக்கும் குறைவு. ஆனால் 100 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால் உள்ளே போகும் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். இரத்தத்தில் இருப்பதைப் போலப் பதினேழு மடங்கு ஒரே வேளையில் வந்து சேர்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வந்த சர்க்கரை எங்கே போயிற்று என்பதே உண்மையான கேள்வி.

அதற்கான விடை உறுப்புகளின் கூட்டு உழைப்பில் இருக்கிறது. உணவு குடலை எட்டியவுடன் அங்கிருந்தே ஹார்மோன்கள் கணையத்துக்கு முன்னறிவிப்பு அனுப்புகின்றன. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. அந்த இன்சுலின் முதலில் கல்லீரலை அடைந்து, அது சர்க்கரையை வெளியே அனுப்புவதை நிறுத்தச் சொல்கிறது. வந்ததில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாகக் கட்டிவைக்கச் சொல்கிறது. பின்னர் தசை செல்களுக்குள் காத்திருக்கும் குளுட்-4 என்னும் கடத்திப் புரதங்களைச் செல்லின் மேற்பரப்புக்கு வரவழைக்கிறது. அந்த வழியாகக் குளுக்கோஸ் உள்ளே போகிறது. கல்லீரலின் கிடங்கு சுமார் 100 கிராம். உடல் முழுதும் உள்ள தசைகளின் கிடங்கு சுமார் 400 கிராம். உணவில்லாத நேரத்தில் குளுக்ககான் கல்லீரலின் கிடங்கைத் திறக்கிறது; நாளொன்றுக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் கேட்கும் மூளை அதனால்தான் இரவிலும் பட்டினி கிடப்பதில்லை.

இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் தெளிவாகும். ஒன்று, உணவுக்குப் பின் சர்க்கரை உயர்வது நோயன்று. உயர்ந்தது இறங்காமல் போவதே நோய். இரண்டு, இரத்தச் சர்க்கரை தட்டில் இருந்து மட்டும் வருவதில்லை. இரவு எட்டு மணிக்கு உண்டு, பத்து மணி நேரம் எதையும் தொடாத நீரிழிவு நோயாளிக்குக் காலையில் 160 காட்டுகிறதென்றால், அந்தச் சர்க்கரையைப் பெரும்பாலும் அவருடைய கல்லீரலே இரவெல்லாம் வெளியேற்றியிருக்கிறது. நிறுத்தச் சொல்லும் இன்சுலினின் குரல் அதன் காதில் ஏறவில்லை. கல்லீரலிலும் தசையிலும் தேங்கிய கொழுப்பு அந்தக் குரலை மழுங்கடிக்கிறது. ஒரு தானியத்தைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைப்பதால் மட்டும் இந்தச் செவிட்டுத்தன்மை தீராது.

இதைச் சொல்லாமல் விடுவதில் இன்று ஒரு வணிகமே நடக்கிறது. நோய் எதுவுமில்லாத இளைஞர்கள் கையில் உணர்கருவியை ஒட்டிக்கொண்டு, வாழைப்பழம் தின்ற பிறகு கோடு எவ்வளவு ஏறியது என்று சமூக ஊடகத்தில் படம் போடுகிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு அந்தக் கருவி உயிர்காக்கும் சாதனம். நலமானவருக்கோ அது, கணையம் தன் வேலையைச் செய்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் மட்டுமே. அந்த ஏற்றத்தை அச்சமாக மாற்றி விற்பவர்கள் அறிவியலின் சொற்களைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதன் பொருளை வாங்கவில்லை. இன்னும் கொடியவர்கள், மாவுச்சத்தை நிறுத்தினால் மருந்தையும் நிறுத்திவிடலாம் என்று பொத்தாம்பொதுவாகப் போதிப்பவர்கள். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால், உணவு எதுவாக இருந்தாலும், சில நாட்களில் இரத்தம் அமிலமாகி உயிர் போகும். 1922க்கு முன் அந்நோய் கண்ட பிள்ளைகளின் கதி அதுவே. அந்தக் காலத்துக்கு ஒரு காணொளியின் வழியாகத் திரும்பிச் செல்வதற்குப் பெயர் மாற்று மருத்துவம் அன்று.

சிறுதானியத்துக்கு வருவோம். இந்தியாவின் முன்மொழிவின் பேரில் 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. மானாவாரி உழவருக்கும் மண்ணுக்கும் சிறுதானியம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஹைதராபாத் இக்ரிசாட் நிறுவனம் முன்னின்று 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சிறுதானியங்களின் சராசரி சர்க்கரை உயர்த்தும் குறியீடு வெள்ளை அரிசியைவிடக் குறைவு என்று காட்டியதும் உண்மை. ஆனால் குறியீடு என்பது வேகத்தைச் சொல்வது, அளவைச் சொல்வதன்று. கேழ்வரகிலும் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே. அதை நைசாக அரைத்துக் கூழாக்கினால் வேகத்தில் இருந்த நன்மையும் பெருமளவு போய்விடும். மூன்று கரண்டிச் சோற்றுக்குப் பதில் மூன்று களி உருண்டை என்பது சீர்திருத்தம் ஆகாது.

இதற்குச் சான்றும் வந்துவிட்டது. அதே இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது. இந்தியர்கள் தம் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளைத் தானியத்துக்குப் பதிலாக முழுக் கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைப்பது, நீரிழிவு வாய்ப்புக் குறைவதோடு தொடர்பு காட்டவில்லை. மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தால் ஈடுசெய்வதே தொடர்பு காட்டியது. அது ஒரே காலப் புள்ளியில் எடுக்கப்பட்ட ஆய்வு. காரண காரியத்தை முழுமையாக நிறுவாது என்பது சரியான மறுப்பே. ஆனால் மேலே சொன்ன உடலியலோடு அது இசைந்து நிற்கிறது. அதை மறுக்க விரும்புவோர் அதைவிட வலிய சான்றைக் கொண்டுவர வேண்டும்; விழா மேடையைக் கொண்டுவரலாகாது.

‘நம் முன்னோர் மலை போலச் சோறு தின்றார்கள்; அவர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்பது அடுத்த வாதம். அவர்களின் தசை நாள் முழுதும் உழைத்தது. தசை சுருங்கும்போது குளுட்-4 இன்சுலினுக்குக் காத்திராமலே மேற்பரப்புக்கு வருகிறது. கிடங்கு காலியாகிக்கொண்டே இருந்ததால் வரவுக்கு இடமிருந்தது. இன்று உழைப்பின் இயல்பு மாறிவிட்டது, தட்டு மாறவில்லை. அதைச் சோம்பல் என்று தனிமனிதர் மீது சுமத்துவதும் நேர்மையாகாது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004இல் லான்செட் இதழில் தம்மையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்த தோற்றத்துக்குள் குறைந்த தசையும் மிகுந்த கொழுப்பும் என்னும் இந்த உடலமைப்பு கருப்பையிலேயே தொடங்குகிறது என்பதைப் புனே அருகிலுள்ள சிற்றூர்களில் அவர் குழு செய்த ஆய்வுகள் காட்டின. சிறியதாய்ப் பிறந்த குழந்தைகளிடமும் தசை குறைந்திருந்தது, கொழுப்பு காக்கப்பட்டிருந்தது. தாயின் தட்டில் இல்லாத புரதம் பிள்ளையின் நாற்பதாம் வயதில் நீரிழிவாகத் திரும்பி வருகிறதென்றால், யாருடைய நாவடக்கத்தைக் குறை சொல்வது?

ஆகவே கேள்வி இப்படி மாறவேண்டும்: இந்தியத் தட்டில் எது இல்லை, அதை இல்லாமலாக்கியது யார்? ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரித் தட்டில் நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் அதற்கீடான முட்டை, இறைச்சியும் 85 கிராம் என்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. அதாவது நாளுக்கு 167 கிராம். பரிந்துரைத்த தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பருப்பு? அந்தச் சட்டத்தில் அதற்கு உரிமை இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், ஒன்றிய அரசு சில மாதங்கள் குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்போ கொண்டைக்கடலையோ கொடுத்தது. கொடுக்க முடியும் என்று காட்டியது; பிறகு நிறுத்தியது. 80 கோடிப் பேருக்கான இலவசத் தானியம் மட்டும் நீடிக்கிறது.

தமிழ்நாடு தன் பொது வழங்கலில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பை 30 ரூபாய்க்குத் தருவது பாராட்டத்தக்கது. ஆனால் நால்வர் குடும்பத்தில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். அதில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. முன்னோடி மாநிலத்தின் நிலையே இது. குழந்தைகளின் தட்டில் முட்டை வைப்பதைச் சில மாநில அரசுகள் நம்பிக்கையின் பெயரால் எதிர்த்த வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பருப்பு விலை மிகுதி, நாடு இறக்குமதி செய்கிறது’ என்பார்கள். உண்மைதான். பல பத்தாண்டுகளாக நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமே உறுதியான கொள்முதலை வைத்துக்கொண்டு, உழவர் ஏன் பருப்பு விதைக்கவில்லை என்று வியப்பது கொள்கையின் விளைவை இயற்கையின் தலையில் ஏற்றுவதாகும்.

பட்டினிக் காலத்தில் தானியம் உயிர் காத்தது என்பதை எவரும் மறுக்க இயலாது. இந்தப் பதிவும் மறுக்கவில்லை. ரேஷன் அரிசியைக் குறைக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. அரிசியை மட்டுமே நம்பி ஆற்றல் பெறும் ஒருவரிடம் ‘மாவுச்சத்தைக் குறை’ என்று சொல்வது பசியாயிரு என்று சொல்வதற்கு நிகர். அருகில் பருப்பும் முட்டையும் பாலும் வந்தால் அரிசி தானே குறையும்.

கல்விப்புலத்துக்கும் இதில் பொறுப்புண்டு. சிறுதானியத் திருவிழா நடத்தும் பல்கலைக்கழகங்கள், தம் விடுதி உணவகத்தில் ஊற்றப்படும் பருப்பில் பருப்பைத் தேடவேண்டியிருக்கிறது என்பதை அறியாதவை அல்ல. நாளெல்லாம் ஆய்வகத்திலும் நூலகத்திலும் அமர்ந்திருக்கும் இருபத்தைந்து வயது ஆய்வு மாணவருக்கு மூன்று வேளையும் தானியம், மாலையில் சர்க்கரைத் தேநீரும் பிஸ்கட்டும். ஊட்டச்சத்துத் துறைகள் புதிய தானியக் குறியீட்டுக் கட்டுரைகளை எழுதுவதற்கு முன், தம் வளாகத்துத் தட்டை எடைபோட்டு வெளியிடட்டும்: தலைக்கு எத்தனை கிராம் பருப்பு, எத்தனை முட்டை, எவ்வளவு காய். மாணவர் சங்கங்கள் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கட்டும். நாட்டின் ரேஷன் கடையை நோக்கிப் பருப்புக் கேட்கும் தகுதி அதற்குப் பிறகே வரும்.