பல்லின் மேல் பழி

ஏழு மாதக் குழந்தைக்குக் காலையிலிருந்து ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது. திண்டுக்கல்லில் எந்தத் தெருவில் கேட்டாலும் பதில் தயார்: "பல்லு முளைக்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்." நானும் சொல்லியிருக்கிறேன்.

பல் முளைக்கும் வயதில்தான் பிள்ளை தவழ்ந்துபோய்க் கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு கஞ்சியும் தண்ணீரும் தொடங்குவதும் அப்போதுதான். நாம் பழியைப் பல்லின்மேல் போட்டுவிட்டு, தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் இருந்துவிட்டோம்.

கேட்டிருந்தால் வாசல் குழியைக் குனிந்து பார்த்திருக்க வேண்டும். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் பேரணையிலிருந்தும் ஊருக்கு வரும் நல்ல தண்ணி தினமும் வருவதில்லை; வந்தாலும் வேகமில்லை. அதனால் தரையைத் தோண்டி, குழாயைத் தாழ இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிக்கிறோம். ஓரடி தள்ளிச் சாக்கடை. மழை பெய்தால் குழி நிரம்பி, குழாயின் வாய் அதில் மூழ்கிக் கிடக்கும். வசதியுள்ளவர்கள் மோட்டாரையே குழாயில் மாட்டி உறிஞ்சுகிறோம். அந்த இழுப்பில் விரிசல் வழியே சாக்கடையும் உள்ளே வரும் என்பது பிளம்பருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அதிகாரிகளைத் திட்ட ஆயிரம் இருக்கிறது; மோட்டாரை மாட்டியது அவர்கள் இல்லை.

"கைப்பிள்ளை போனது அசிங்கமா?" என்று பீத்துணியைக் குழாயடியிலேயே அலசினோம். சீதபேதி தரும் ஷிகெல்லாவுக்குப் பத்து முதல் நூறு கிருமி உள்ளே போனாலே போதும். ஏழு நாடுகளில் குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கை ஆராய்ந்து 2013இல் வந்த முடிவில், ரோட்டா வைரஸோடு ஷிகெல்லாவும் நச்சு சுரக்கும் ஈ.கோலையும் முன்வரிசையில் இருந்தன. கொல்கத்தாப் பிள்ளைகளும் அதில் உண்டு. பட்டியலில் பல் இல்லை.

பிள்ளை துவண்டபோது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று முதலில் தொக்கம் எடுக்கப் போனோம். பிறகு மருந்துக் கடையில் 'நிப்பாட்ட' மருந்து கேட்டோம். உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும் என்ற டாக்டரைக் கெட்டிக்காரர் இல்லை என்று முடிவு கட்டி, ஊசி போடும் டாக்டரைத் தேடினோம். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனபிஸ் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது அந்தக் கரைசலால்தான். நாமோ ஒரு லிட்டருக்கான பொடிப் பாக்கெட்டைப் பிரித்து, டம்ளருக்கு ஒரு சிட்டிகை போட்டு, மீதியைத் துணி கிளிப் மாட்டி அலமாரியில் வைத்தோம்.

பாக்கெட் முழுவதையும் ஆறிய ஒரு லிட்டர் வெந்நீரில் கரையுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்றாலும் 14 நாள் கொடுங்கள். ரத்தம் கலந்து போனாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரி.

குழி பாக்கி இருக்கிறது. அதை மூடினால் குடத்தில் தண்ணீர் ஏறாது. ஏற வேண்டுமானால் மோட்டார்கள் கழல வேண்டும். முதலில் யார் கழற்றுவது என்பதில்தான் எங்கள் தெரு நிற்கிறது.