கேட்கப்படாத கேள்வி: அமெரிக்க அதிபர் விவாதங்களில் கல்வி

1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவின் தொலைக்காட்சி அரங்கு ஒன்றில் ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் விவாதித்த நிகழ்வை இதழியல் மாணவர் அனைவரும் படித்திருப்பர். நிக்சனின் வெளிறிய முகம், நெற்றியில் அரும்பிய வியர்வை, கென்னடியின் பொலிவான தோற்றம் ஆகியவற்றையே பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அன்று அவ்விருவரும் எதைப் பற்றி வாதிட்டனர் என்பது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. ஆசிரியர்களின் ஊதியத்துக்கு யார் பணம் தருவது என்பது அன்றைய வாதங்களுள் ஒன்று.

கூட்டாட்சி அரசு மாநிலங்களுக்கு நிதி வழங்க வேண்டும், அதைப் பள்ளிக் கட்டடத்துக்கோ ஆசிரியர் ஊதியத்துக்கோ மாநிலங்கள் தம் விருப்பப்படி செலவிடலாம் என்றார் கென்னடி. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் ஊதியத்துக்கு நிதியளிக்கும் திருத்தம் ஒன்று செனட்டில் சமநிலையில் நின்றபோது, துணை அதிபராக அவைக்குத் தலைமையேற்றிருந்த நிக்சன் தம் வாக்கை எதிராக அளித்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆசிரியர் ஊதியம் உயர வேண்டும் என்பதை நிக்சன் மறுக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து நேரடியாக ஊதியம் வரத் தொடங்கினால் என்ன கற்பிப்பது என்ற கட்டளையும் அதன் பின்னாலேயே வரும் என்பது அவர் அச்சம். கட்டடங்களுக்கு மட்டும் கூட்டாட்சி அரசு உதவினால், உள்ளூரில் மிச்சமாகும் பணம் ஆசிரியருக்குப் போய்ச் சேரும் என்பது அவர் முன்வைத்த மாற்றுவழி.

இந்த வாதத்தில் இரு தரப்புக்கும் வலுவான காரணங்கள் இருந்தன. பணம் கொடுப்பவர் அதிகாரம் கேட்பார் என்ற ஐயத்துக்கு அடிப்படை உண்டு. அதேவேளை, உள்ளூர் வரியை மட்டுமே நம்பியிருக்கும் பள்ளி அமைப்பில் ஏழை ஊரின் குழந்தை ஏழைப் பள்ளியில்தான் படிக்கும் என்பதும் உண்மை. கேட்டவர் இரண்டையும் எடை போட்டுப் பார்க்க முடிந்தது. அதிபர் வேட்பாளர்களின் கல்விக் கொள்கை குறித்த விவாதம் எப்படி அமையலாம் என்பதற்கு அந்தச் சில நிமிடங்கள் இன்றும் அளவுகோலாகின்றன.

கென்னடி வென்றும் அவருடைய பொதுப் பள்ளி நிதி மசோதா 1961-இல் நிறைவேறவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பணம் உண்டா என்ற வினா பிரதிநிதிகள் சபையில் அதை முடக்கியது. நிறப் பாகுபாட்டைக் கைவிடாத பள்ளிகளுக்குக் கூட்டாட்சிப் பணம் போகலாமா என்ற வினாவும் அக்காலத்தின் கல்வி மசோதாக்களை மீண்டும் மீண்டும் தடுமாறச் செய்தது. 1964-இன் குடிமை உரிமைச் சட்டம் இரண்டாவது வினாவுக்கு விடை தந்தது. 1965 ஏப்ரலில் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம் முதல் வினாவைச் சுற்றிக்கொண்டு போனது. பள்ளிக்கென்று கொடுக்காமல், ஏழைக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு நிதி வழங்கும் ஏற்பாடு அது. அமெரிக்கப் பள்ளிக் கல்வியில் கூட்டாட்சி அரசின் பங்கு இன்றளவும் இந்த அடித்தளத்தின்மீதே நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. பத்தாவது திருத்தத்தின்படி அது மாநிலங்களுக்குரியது. பள்ளிகளின் மொத்தச் செலவில் கூட்டாட்சி அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பகுதிதான். பாடத்திட்டத்தை வகுக்கவோ ஆசிரியரை நியமிக்கவோ அதிபருக்கு அதிகாரம் இல்லை. அப்படியிருக்க, அதிபர் வேட்பாளரிடம் கல்வியைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

அந்தப் பத்தில் ஒரு பகுதி யாரிடம் போகிறது என்று பார்த்தால் விடை தெளிவாகும். அதன் பெரும்பகுதி வறிய குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்கும், 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கும் செல்கிறது. வசதியான புறநகர்ப் பள்ளிக்கு அது கணக்கில் ஒரு வரி. வறிய மாவட்டத்துப் பள்ளிக்கோ அது சிறப்பாசிரியரின் சம்பளம். உயர்கல்விக்கு வந்தால் நிலைமையே தலைகீழ். 2010-க்குப் பிறகு புதிய அரசுக் கல்விக் கடன்கள் அனைத்தையும் கூட்டாட்சி அரசே நேரடியாக வழங்குகிறது. நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர் கடனை அந்த அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியவர்களாக இருக்கின்றனர். பல்கலைக்கழக ஆராய்ச்சி மானியம், வெளிநாட்டு மாணவர் விசா, கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் அதிகாரம் ஆகியனவும் அதிபரின் நிர்வாகத்துக்கு உட்பட்டவையே. எனவே அதிபரிடம் கேட்பதற்குப் போதிய கேள்விகள் உள்ளன.

ஆனால் 1960-க்குப் பின்வந்த மேடைகள் இவற்றை அரிதாகவே கேட்டன. கல்வி பேசப்பட்டபோதும் பேச்சு வேறு திசையில் சென்றது. 2000 அக்டோபரில் பாஸ்டனில் நடந்த முதல் விவாதத்தில் அல் கோர், ஃபுளோரிடாவின் சரசோட்டா நகரப் பள்ளி ஒன்றில் இருக்கை இல்லாமல் வகுப்பில் நிற்கும் மாணவியைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஆசிரியர்களைக் கூடுதலாக நியமிக்க வேண்டும் என்ற தம் திட்டத்துக்கு அதை எடுத்துக்காட்டாக வைத்தார். மாணவி நீண்ட நாள் நிற்கவில்லை என்று அப்பள்ளியின் தலைமையாசிரியர் மறுத்தார். பிறகு வந்த நாள்களில் செய்தியாளர்கள் அந்த ஒரு நாற்காலியைத் தேடினார்களே ஒழிய, நெரிசலான வகுப்பறைகளைக் குறைக்கக் கூட்டாட்சிப் பணம் உதவுமா என்ற வினாவைத் தேடவில்லை. உருக்கமான ஒற்றைக் கதை மேடையில் எடுபடும். அக்கதை பிழைத்துப்போனால், அது தாங்கி நின்ற கொள்கையும் அதனுடன் விழுந்துவிடும்.

அதே விவாதங்களில் ஜார்ஜ் புஷ் ஆண்டுதோறும் தேர்வு, தோற்கும் பள்ளிகளுக்குப் பொறுப்புக்கூறல், அத்தகைய பள்ளிகளிலிருந்து வெளியேற விரும்பும் பெற்றோருக்கு நிதி ஆகியவற்றை வலியுறுத்தினார். அரசுப் பள்ளியின் பணத்தைத் தனியார் பள்ளிக்குத் திருப்பும் வவுச்சர் முறையைக் கோர் எதிர்த்தார். கட்டாயத் தேர்வு வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒத்துப்போன அந்தப் பகுதியே 2002 ஜனவரியில், எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது என்ற பெயருடன், இரு கட்சி ஆதரவோடு சட்டமாயிற்று. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு, 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி என்பன அதன் விதிகள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2015 டிசம்பரில் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. வேட்பாளர்கள் முட்டி மோதிய இடத்தைக் காட்டிலும், ஒத்துப்போன இடமே நெறியாளரின் கடுமையான கேள்விக்கு உரியது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. தேர்வு மதிப்பெண் ஒரு பள்ளியை அளக்கப் போதுமானதா என்று அன்று யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

மாநில உரிமை பற்றிய பேச்சிலும் ஒரு விந்தை உண்டு. ஜிம்மி கார்ட்டர் 1979-இல் உருவாக்கிய கல்வித் துறையை ஒழிப்பதாக 1980-இல் ரொனால்ட் ரீகன் வாக்குறுதி தந்தார். நாடாளுமன்றம் இசையாததால் அது நடக்கவில்லை. 1996-இல் குடியரசுக் கட்சியின் கொள்கை அறிக்கை மீண்டும் அதையே கோரியது. ஆறே ஆண்டுகளில் அதே கட்சியின் அதிபர், அதுவரை இல்லாத அளவுக்குக் கூட்டாட்சி அரசைப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுவந்த சட்டத்தில் கையொப்பமிட்டார். மறுபுறம், கூட்டாட்சிப் பங்கை விரிவாக்க விரும்பிய பில் கிளிண்டன், 1996 விவாதத்தில் வவுச்சர் என்று வந்ததும், அது மாநிலமும் உள்ளூரும் தம் பணத்தில் முடிவுசெய்ய வேண்டிய விஷயம் என்றார். மாநில அதிகாரம் என்பது இரு கட்சிகளுக்கும் கொள்கையாக இருந்ததைவிட, பிடிக்காத திட்டத்தைத் தடுக்கும் கேடயமாகவே அதிகம் பயன்பட்டிருக்கிறது.

2004-இல் டெம்பி நகர விவாதத்தில் குறைந்தபட்சக் கூலி பற்றிக் கேட்கப்பட்டபோது புஷ் தம் கல்விச் சட்டத்தின் பக்கம் பேச்சைத் திருப்பினார். 2008-இல் கல்விக்கு ஒரு கேள்வி கிடைத்தது. மூன்றாம் விவாதத்தின் இறுதிக் கேள்வி அது. ஒபாமா மழலையர் கல்வியையும் ஆசிரியர் நியமனத்தையும் வலியுறுத்த, மெக்கேன் பெற்றோரின் பள்ளித் தேர்வுரிமையை வலியுறுத்தினார். நேரம் முடிந்தது. 2012-இல் வெளியுறவுக் கொள்கைக்கென ஒதுக்கப்பட்ட விவாதத்தில் ஒபாமாவும் ரோம்னியும் எதிர்பாராமல் வகுப்பறைகளுக்குள் நுழைந்தனர். ஆசிரியரை நேசிப்பதில் எவருக்கும் வேறுபாடில்லை என்ற பொருள்பட நெறியாளர் சொல்லி அப்பேச்சை முடித்துவைத்தார். நேசத்தில் வேறுபாடு இல்லைதான். ஊதியத்தை யார் தருவது என்ற 1960-இன் கேள்வி மட்டும் அங்கேயே கிடந்தது.

அதன்பின் மௌனம் நீண்டது. 2016-இன் மூன்று விவாதங்களிலும் கல்விக்கெனத் தனிக் கேள்வி இல்லை. 2020-இல் பள்ளிகள் பேசப்பட்டன என்றாலும், பெருந்தொற்றில் அவற்றை எப்போது திறப்பது என்ற அளவோடு பேச்சு நின்றது. 2024 ஜூனில் அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும், செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஹாரிஸும் டிரம்பும் சந்தித்தபோதும் கல்விக் கொள்கை தனிக் கேள்வியாக எழவில்லை.

வேட்பாளர்களிடையே வேறுபாடு இல்லாததால் நேர்ந்த மௌனம் இதுவென்று சொல்ல முடியாது. அண்மைக்கால வரலாற்றில் அவ்வேறுபாடு மிக விரிந்திருந்த ஆண்டு 2024. கல்வித் துறையை மூடுவோம் என்று குடியரசுக் கட்சியின் கொள்கை அறிக்கை வெளிப்படையாக எழுதியது. அதை அனுமதிக்க மாட்டோம் என்று ஹாரிஸ் தம் கட்சி மாநாட்டு உரையில் அறிவித்தார். பைடனின் ஏறத்தாழ 40,000 கோடி டாலர் கடன் தள்ளுபடித் திட்டத்தை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியிருந்ததால், கடன்பட்ட கோடிக்கணக்கானோர் அடுத்து என்ன என்று காத்திருந்தனர். கேள்விக்கான சூழல் முழுமையாக இருந்தது. கேட்பவர் இல்லை.

கேட்கப்படாத கேள்விக்கு 2025-இல் செயல் வடிவில் விடை வந்தது. மார்ச்சில் கல்வித் துறையின் பணியாளர்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் அறிவிப்பும், துறையை மூடுவதற்கான நடவடிக்கைகளை எடுக்கும்படி அதிபரின் ஆணையும் வெளியாயின. சட்டத்தால் தோன்றிய துறையை நாடாளுமன்றமே கலைக்க முடியும் என்ற வாதம் நீதிமன்றங்களுக்குச் சென்றது. வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே பணிநீக்கங்களைத் தொடர ஜூலையில் உச்ச நீதிமன்றம் இசைந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கான 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிதி ஏப்ரலில் முடக்கப்பட்டது. கல்வியில் அதிபருக்கு அதிகாரம் குறைவு என்ற பழைய சமாதானம் இத்தனைக்கும் பிறகு நிற்காது.

இதில் இந்திய மாணவரின் நிலை தூரத்துச் செய்தியாக முடிந்துவிடவில்லை. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்தியர் 3,31,602 பேர். வெளிநாட்டு மாணவருள் அவர்களே மிகப் பெரிய பிரிவினர். 2024 ஜூனில் ஒரு வலையொலி உரையாடலில், பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவருக்குப் பட்டத்துடனேயே நிரந்தரக் குடியிருப்பு உரிமை கிடைக்க வேண்டும் என்று டிரம்ப் பேசினார். 2025 மே மாத இறுதியில் புதிய மாணவர் விசா நேர்காணல்கள் சில வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் நிபந்தனையும் சேர்ந்திருந்தது. செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. வலையொலியில் சொன்ன சொல்லை எதிர்த்தரப்பு குறுக்கிட்டுக் கேட்கவில்லை. விவாத மேடையில் சொல்லியிருந்தால் கேட்டிருக்கக்கூடும். வங்கிக் கடன் பெற்று, வீட்டை அடகுவைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று.

விவாதங்கள் வாக்குகளைப் பெரிதாக மாற்றுவதில்லை என்று கூறுவோர் உண்டு. அது சரியாகவே இருக்கலாம். ஆனால் விவாதத்தின் பயன் வாக்கெண்ணிக்கையோடு முடிவதில்லை. எதிராளியின் முன்னிலையில், மறுப்புக்கு இடம்தந்து சொல்லப்பட்ட சொல் பதிவாகிறது. நிக்சன் ஆசிரியர் ஊதியத்துக்கு எதிராக வாக்களித்ததையும், அதற்கு அவர் கூறிய காரணத்தையும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் மாணவர் படித்து எடைபோட முடிவதற்கு அந்தப் பதிவே காரணம். கல்வித் துறையை மூடும் முடிவுக்கு அத்தகைய பதிவு இல்லை. மாற்றுத்திறனாளிக் குழந்தையின் உரிமையை இனி எந்த அலுவலகம் காக்கும், வறிய பள்ளிக்கான நிதி எந்த நிபந்தனையுடன் மாநிலங்களுக்குச் செல்லும், நான்கு கோடிப் பேரின் கடன் கணக்கை யார் பராமரிப்பர் என்பவற்றை ஒரு வேட்பாளரிடம் மூன்று நிமிடங்களில் கேட்டிருக்கலாம்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028-இல் வரும். அப்போது நெறியாளர் நாற்காலியில் அமர்பவர் புதிய கேள்வி எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பணம் யாருடையது, அதிகாரம் யாருடையது, அந்த இரண்டுக்கும் இடையே நிற்கும் குழந்தைக்கு யார் பொறுப்பு என்று சிகாகோவில் தொடங்கிய கேள்வியைத் தொடர்ந்தாலே போதும்.