60 ஆயிரம் ரூபாய் கேமரா அப்புறம் வாங்கலாம் தம்பி, முதல்ல உங்க கூலியைக் கணக்கு போடுங்க

போன வாரம் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி போன் பண்ணார். வயசு 29. ஆம்பூர்ல ஷூ கம்பெனியில சில வருஷம் வேலை பார்த்துட்டு, இப்போ ஊருக்கே திரும்பி வந்து வீட்டுல உட்கார்ந்து கையால தோல் பர்ஸ் தைக்கிறார். மாசம் 30 பர்ஸ் வரைக்கும் போகுது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாத்தான் விற்பனை. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, போட்டோ நல்லா இருந்தா இன்னும் விக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. 60 ஆயிரத்துக்கு ஒரு கேமரா இஎம்ஐ-ல எடுக்கலாமா?"

"எடுக்காதீங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு போனை வச்சிருக்கலாம். ஆனா அவர் தன் கணக்கைச் சொல்லச் சொல்ல, பிரச்சினை கேமராவுல இல்லைன்னு புரிஞ்சது. சோப்பு, ஊறுகாய், டெரகோட்டா நகை, மர பொம்மைன்னு கையால எதையாவது செஞ்சு, போட்டோ போட்டு விக்கிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அதனாலதான் தனிப் பதிவா எழுதுறேன்.

அவர் சொன்ன கணக்கும், அவர் சொல்லாத கணக்கும்

ஒரு பர்ஸ் 499 ரூபாய். தோல், வெட்டுறதுல வீணாகிறதையும் சேர்த்து, 160. நூல், மெழுகு, பசை, ஓரத்துக்குப் போடுற சாயம் 30. டப்பா, கவர் 40. ஆக 230. "ஒரு பர்ஸுக்கு 269 ரூபாய் நிக்குது அண்ணா"ன்னார் சந்தோஷமா.

"கூரியர் யாரு குடுக்கிறது?"ன்னு கேட்டேன். "ஃப்ரீ டெலிவரின்னு போட்டாத்தான் வாங்குறாங்க, அது ஒரு 60 ஆகும்." சரி, அப்போ நிக்கிறது 209.

அடுத்து நேரம். வெட்டி, துளை போட்டு, ரெண்டு ஊசியில தைச்சு, ஓரத்தைத் தேய்ச்சு மெருகேத்த மூன்றரை மணி நேரம். 209-ஐ மூன்றரையால வகுத்தா மணிக்கு கிட்டத்தட்ட 60 ரூபாய். அவர் மனசுல இருந்த கணக்கு இவ்வளவுதான்.

ஆனா ஒவ்வொரு பர்ஸையும் அவர் தனித்தனியா போட்டோ எடுக்கிறார். எடுத்து, திருத்தி, போட்டு, "ப்ரோ வேற கலர் இருக்கா?"ன்னு கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல முக்கால் மணி நேரம். பேக் பண்ணி, அனுப்பிட்டு வர அரை மணி நேரம். மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். இப்போ வகுத்துப் பாருங்க: மணிக்கு 44 ரூபாய். எட்டு மணி நேரம் உழைச்சா 352 ரூபாய்.

2025-26-ல தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்துல நிர்ணயிச்ச தினக்கூலி 336 ரூபாய். பல வருஷம் பழகின கைத்திறனுக்கு அதைவிட 16 ரூபாய்தான் கூடுதல். இதுல கருவி தேய்மானம், கெட்டுப்போன தோல், திரும்பி வர்ற பார்சல் எதையும் நான் சேர்க்கவே இல்ல.

இப்போ இஎம்ஐ-க்கு வருவோம்

60,000 ரூபாய், 16 சதவீத வட்டி, 18 மாசம்னு வச்சுக்கோங்க. மாசத் தவணை சுமார் 3,770 ரூபாய். வட்டி மட்டும் 7,900 ரூபாய் பக்கம் போகும். தம்பிக்கு மாசம் 30 பர்ஸ் வித்தா கையில நிக்கிறது 6,270. தவணை போக மிச்சம் 2,500. அதாவது 30 பர்ஸ்ல 18 பர்ஸை அவர் கேமராவுக்காகத் தைக்கிறார். குடும்பத்துக்காகத் தைக்கிறது வெறும் 12.

"விற்பனை கூடும்ல அண்ணா?" கூடலாம். ஆனா ஒரு பர்ஸுக்கு நாலே முக்கால் மணி நேரம் எடுக்கிற ஆளுக்கு ஆர்டர் கூடினா கூடுறது லாபம் இல்ல, தூக்கமில்லாத ராத்திரிதான். குறைஞ்ச கூலிக்கு விக்கிற பொருளை நல்ல போட்டோ போட்டு அதிகமா வித்தா, குறைஞ்ச கூலிக்கு அதிகமா உழைக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு போட்டோ எத்தனை பர்ஸுக்கு உழைக்குது?

என் கருத்து இதுதான்: போட்டோ எடுக்கிறதும் வேலை, அதுக்கும் கூலி போடணும். அந்தக் கூலி எத்தனை பொருள் மேல பரவுதுன்னு பார்க்கணும்.

தம்பி மாசம் 30 பர்ஸுக்கு 30 தடவை போட்டோ எடுக்கிறார். 30 முக்கால் மணி நேரம்னா இருபத்திரெண்டரை மணி நேரம். கிட்டத்தட்ட மூணு முழு நாள் உழைப்பு, சம்பளமே இல்லாம. அதுக்குப் பதிலா மூணே மூணு டிசைன், ஒவ்வொண்ணுலயும் பத்து பர்ஸ்னு வச்சுக்கிட்டா? ஒரு டிசைனுக்கு ரெண்டு மணி நேரம் பொறுமையா, இப்போ எடுக்கிறதைவிட நல்லாவே எடுக்கலாம். மொத்தம் ஆறு மணி நேரத்துல முடிஞ்சது. ஒரு பர்ஸுக்கு 12 நிமிஷம்.

"தோல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் அண்ணா." உண்மை. அதையே விவரத்துல எழுதுங்க: "தோலின் வரிகளும் நிறமும் பர்ஸுக்குப் பர்ஸ் சற்று மாறும்." அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்குப் போற பர்ஸையே போன்ல ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க. ஒரு நிமிஷ வேலை. ஏமாந்துட்டோம்னு யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.

பேரு பொறிச்சுக் குடுங்க, என் பைக் நம்பர் போட்டுக் குடுங்கன்னு கேக்கிறவங்களுக்குத் தனி விலை. அந்தப் படம் அந்த ஒரு பர்ஸுக்கு மட்டும்தான் உழைக்கும், அதோட கூலியை அவங்கதான் தரணும்.

இப்போ விலையைத் திரும்பப் போடுவோம். பத்து பத்தா வெட்டித் தைச்சா ஒரு பர்ஸுக்கு மூணு மணி நேரம். போட்டோ 12 நிமிஷம், பேக்கிங், அனுப்புறது, பதில் சொல்றது எல்லாம் 18 நிமிஷம். ஆக மூன்றரை மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் கூலின்னா 350. செலவு 290. ரெண்டும் சேர்ந்து 640. கருவி, சேதம், ரிட்டர்னுக்குப் பத்து சதவீதம் சேர்த்தா சுமார் 704. விலை 749 வைங்க.

உடனே வித்துடும்னு நான் சத்தியம் பண்ணல. 300 ரூபாய்க்கு மிஷின் பர்ஸ் ஆன்லைன்ல கொட்டிக் கிடக்கு. ஆனா பத்து பர்ஸ் விக்காம நின்னா முடங்குறது 2,000 ரூபாய் சொச்சம் பொருள் காசும் உங்க உழைப்பும். பர்ஸ் அப்படியே இருக்கும், அடுத்த மாசம் விக்கலாம். கேமரா தவணை காத்திருக்காது.

சரி, போன்ல எடுத்தா போதுமா?

போதும். உங்க மலையிலயே, காவலூர்ல, 2.34 மீட்டர் வேணு பாப்பு தொலைநோக்கி இருக்கு. அங்க விஞ்ஞானிகளே சரியான வானத்துக்காகக் காத்திருந்து படம் எடுக்கிறாங்க. நமக்குத் தேவையானதும் அந்தப் பொறுமைதான், ரிங் லைட் இல்ல.

ஜன்னல் பக்கத்துல, வெயில் நேரா விழாத இடத்துல ஒரு மேசை போடுங்க. டியூப் லைட்டை அணைச்சுடுங்க. ரெண்டு வெளிச்சம் கலந்தா பழுப்புத் தோல் பச்சையாவோ மஞ்சளாவோ தெரியும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை நிறுத்துங்க, நிழல் இளகும். மலையில மூடுபனி இறங்குற காலை நேரம் இன்னும் நல்லது, வெளிச்சம் நாலாபக்கமும் சமமா விழும். தோல் பளபளன்னு அடிச்சா பர்ஸைக் கொஞ்சம் திருப்புங்க. கிட்டப் போய் வைட் லென்ஸ்ல எடுக்காதீங்க, ஓரம் வளைஞ்சு தெரியும். தள்ளி நின்னு எடுங்க. கருப்புத் தோல்னா திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைங்க, இல்லைன்னா சாம்பல் நிறமா வரும்.

டிசைனுக்கு ஆறு படம்: முன்பக்கம், பின்பக்கம், திறந்த நிலையில உள்ளே ஏடிஎம் கார்டோட (அளவு புரியும்), கையில பிடிச்சபடி, ஓரம் கிட்டத்துல, தையல் கிட்டத்துல.

அந்த ஆறாவது படம்தான் உங்க 749 ரூபாய்க்கான பதில். ரெண்டு ஊசியில தைக்கும்போது ஒரே துளையில நூல் ரெண்டு பக்கத்துல இருந்தும் போகுது. ஒரு இடத்துல அறுந்தாலும் அடுத்த தையல் பிடிச்சு நிக்கும். மிஷின் தையல் ஒரு இடத்துல விட்டா வரிசையா பிரிய ஆரம்பிக்கும். இதை ரெண்டு வரியில எழுதி, படத்துக்குக் கீழே போடுங்க. விலை ஏன் கூடுதல்னு வாங்குறவங்களுக்குப் புரியணும்.

படத்துல பொய் சொல்லாதீங்க

இன்னொரு ஆசையும் வரும். பாட்டியை உட்கார வச்சு, "ஜவ்வாது மலை பழங்குடியினரின் பாரம்பரியத் தோல் கலை"ன்னு போட்டா வெளிநாட்டுக்காரங்க வாங்குவாங்கன்னு யாராவது ஐடியா குடுப்பாங்க. செய்யாதீங்க. அந்த மலையோட பெருமை சாமை, தேன், புளி, கடுக்காய். தோல் தொழில் மலையடிவாரத்துல, ஆலங்காயம் வழியா இறங்கினா வர்ற வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம்.

ஆனா உண்மைக் கதையே அழகானது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுறது தமிழ்நாட்டுப் பழைய முறை. ஈஸ்ட் இந்தியா லெதர்னு உலகச் சந்தையில பேரு வாங்கின அந்தத் தோலுக்கு 2008-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பின்னாடி ஆவாரம்பட்டை இடத்தை வாட்டில் பட்டை பெருமளவு பிடிச்சுக்கிச்சு. நீங்க வாங்குற தோல் தாவரப் பட்டையில பதனிட்டதா, குரோம் போட்டதான்னு கடைக்காரர்கிட்ட கேட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுங்க. "கடுக்காய் விளையுற மலையில உட்கார்ந்து தைச்சது"ன்னு சொல்லுங்க. அது பொய் இல்ல.

பேரும் படமும் ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா, 2025 ஜூன் மாசத்தை நினைச்சுப் பாருங்க. மிலன் ஃபேஷன் ஷோவில பிராடா கம்பெனி காட்டின செருப்பு அப்படியே கோலாப்புரி மாதிரி இருந்தது. கோலாப்புரிக்கு 2019-லயே புவிசார் குறியீடு இருக்கு. ஆனாலும் முதல்ல அந்தப் பேரையே அவங்க சொல்லல. இங்க எதிர்ப்பு கிளம்பின பிறகுதான் இந்தியச் செருப்புல இருந்து எடுத்ததுன்னு ஒத்துக்கிட்டாங்க. செஞ்சவன் தன் பேரைப் போட்டுப் படம் எடுக்கலைன்னா வேற யாராவது எடுத்துடுவாங்க.

தோல் வேலை செய்றவங்களோட கூலியைக் குறைச்சுப் பேசுற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்பப் பழசு. அதுக்குப் பின்னாடி சாதி இருக்குன்னு நமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை நம்ம விலைப்பட்டியல்ல நாமே தொடர வேண்டாமே.

கேமரா எப்போ வாங்கலாம்?

ஆறு மாசம் இந்த விலையில வித்து, சேர்த்த காசுல முழுத்தொகை குடுத்து வாங்க முடிஞ்சா வாங்குங்க. அதுக்கு முன்னாடி நல்ல படம் தேவைப்பட்டா, பக்கத்து ஊர் கல்யாண போட்டோகிராஃபரை ஆடி மாசமோ மார்கழியோ கூப்பிடுங்க. முகூர்த்தம் இல்லாத மாசம், அரை நாளுக்குப் பேசி முடிக்கலாம்.

கடன்தான் வேணும்னா கருவிக்கு வாங்குங்க. தமிழக அரசு 2025-ல தொடங்கின கலைஞர் கைவினைத் திட்டத்துல தோல் கைவினையும் உண்டு. 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50 ஆயிரம். ஆனா தொடங்கும்போது சொன்ன விதிப்படி 35 வயசு ஆகியிருக்கணும், அதனால நம்ம தம்பிக்கு இப்போ பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமான்னு மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க.

தம்பி கடைசியில, "749-ன்னு போட்டா பழைய கஸ்டமர் திட்டுவாங்களே அண்ணா"ன்னார். ரெண்டு பேர் திட்டுவாங்க. நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. அந்த நாலு பேருக்கு ஆறாவது படத்தை அனுப்புங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுத்து, நீங்க செய்ற பொருளுக்கு ஆகுற மொத்த நேரத்தையும், போட்டோ நேரம் உட்பட, எழுதிப் பாருங்க. மணிக்கு எவ்வளவு வருதுன்னு தெரிஞ்ச பிறகு விலையைப் பத்தி யோசிங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்.